எல்லைப்பக்க நில வியாபாரத்துக்கு ஆன்லைன் அசிஸ்டென்ட் வைப்பது எப்படி?

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தோப்பும் மனையும் வாங்கி விற்றுக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்கிற பார்ட்டி பாலக்காட்டில் இருப்பார், இல்லையென்றால் துபாயில். வாங்குகிற பார்ட்டி கோவை, பொள்ளாச்சி, திருப்பூர். நீங்கள் ஒருவருக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போது இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் அவர்கள் அடுத்த புரோக்கருக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்தே போனும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றும். விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று சொல்கிறார்களே, அவர்தான்.

இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டு வியாபாரத்துக்கு எழுதியவை. நம் ஊர் கரம் ரசீதும் (கேரளாவின் நிலவரி ரசீது) பட்டாவும் அவற்றில் வராது. ஏஜென்சி, தெரிந்தவர் பிள்ளை, ஆன்லைன் தளம் என்று எல்லாப் பக்கமும் அலைந்தபின் எனக்குப் புரிந்த வரிசை இது.

1. வேலையைப் பிரித்த பிறகு ஆளைத் தேடுங்கள்

ஒரு வாரம் உங்கள் போனில் வருவதையெல்லாம் ஒரு நோட்டில் குறியுங்கள். யார் கூப்பிட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். வாரக் கடைசியில் பார்த்தால் முக்கால்வாசி அழைப்புகள் ஒரே மாதிரி இருக்கும்: எத்தனை சென்ட், என்ன விலை, தண்ணீர் இருக்கா, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம். இவற்றுக்குப் பதில் சொல்வது, விளம்பரம் போடுவது, சைட் விசிட்டுக்கு நாள் குறிப்பது, விட்டுப்போன பார்ட்டியைத் திரும்பக் கூப்பிடுவது, வில்லங்கம் போட்டு எடுப்பது. இந்த ஐந்தையும் தாராளமாக ஒப்படைக்கலாம்.

விலை பேசுவது, அட்வான்ஸ் வாங்குவது, பத்திரத்தைப் பார்த்து "கிளியரா இருக்கு" என்று சொல்வது மூன்றையும் ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதை நீங்களும் செய்யக் கூடாது, அது வக்கீலின் வேலை.

2. எந்த மாதம், எந்த நேரம்

ஆள் எடுக்க நல்ல மாதம் ஆடி. நம் ஆடியும் மலையாளக் கர்க்கடகமும் ஒரே மாதம், எல்லைக்கு இரண்டு பக்கமும் கிரயம் மந்தமாக இருக்கும். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அவகாசம் கிடைக்கும். ஆவணி, அதாவது சிங்ஙம் பிறந்து ஓணம் நெருங்கும்போது போன் அடிக்க ஆரம்பிக்கும். அப்போது ஆள் தயாராக இருப்பார்.

வேலை நேரத்தைக் காலை ஒன்பது முதல் ஆறு என்று வைப்பது நம் தொழிலுக்கு ஆகாது. வளைகுடாவில் இருக்கும் ஓனர்கள் வேலை முடிந்துதான் கூப்பிடுவார்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களுக்கு மாலை ஏழு என்றால் நமக்கு எட்டரையோ ஒன்பதரையோ. கோவைப் பார்ட்டிகளும் சாப்பிட்டுவிட்டு ராத்திரிதான் விளம்பரம் பார்ப்பார்கள். பகல் 11 முதல் 1 வரை, சாயங்காலம் 6 முதல் 10 வரை என்று இரண்டு துண்டாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் நாள் என்பதால் அன்றைக்கு விடுமுறை கொடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடுங்கள், அன்று நல்ல காரியத்துக்கு யாரும் கிளம்புவதில்லை.

3. மொழியைச் சோதிக்கும் விதம்

"மலையாளம் தெரியும்" என்று சொல்பவரிடம் அத்தோடு விட்டுவிடாதீர்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பள்ளியில் படித்த பலரும் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பழைய கையெழுத்து ஆதாரத்தை (கேரளாவில் கிரயப் பத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) படிக்கத் திணறுவார்கள். கோவைக்காரர்கள் பலருக்கு இரண்டுமே வராது. ஒரு பழைய ஆதாரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எல்லை விவரத்தை மட்டும் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இங்கிலீஷைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரம் எழுதும் அளவுக்கு இருந்தால் போதும்.

4. எங்கே தேடுவது

முதலில் கொழிஞ்சாம்பாறை, நட்டுக்கல், மதுக்கரை, பொள்ளாச்சி வட்டாரத்திலேயே விசாரியுங்கள். ஆதாரம் எழுதும் ஆபீசில் முன்பு வேலை பார்த்தவர்கள், அக்ஷயா மையத்திலோ இ-சேவை மையத்திலோ உட்கார்ந்திருந்தவர்கள், கல்யாணம் ஆகிக் குழந்தையோடு வீட்டில் இருக்கும் படித்த பெண்கள். இவர்களுக்கு வில்லேஜ் ஆபீஸ், சர்வே நம்பர் என்பதெல்லாம் புதிதாக இருக்காது. தொழிலைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கூகுள் ஷீட்டைக் கற்றுக்கொடுப்பது எளிது.

ஏஜென்சி மூலம் எடுத்தால் ஆள் லீவு போட்டாலும் மாற்று ஆள் வருவார் என்பார்கள். உண்மைதான், அதுவே தொல்லையும் கூட. நான் பேசி வைத்த ஓர் ஏஜென்சி முன்பணம் வாங்கிக்கொண்டு, பழகிய பெண்ணை நடு மாதத்தில் வேறு வாடிக்கையாளருக்கு மாற்றிவிட்டது. புதிதாக வந்தவருக்கு வேலந்தாவளம் எந்த மாநிலம் என்றே தெரியவில்லை. ஏஜென்சிதான் என்று முடிவெடுத்தால் "இந்த ஆள்தான், மாற்றினால் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், புதியவர் பழகும் நாட்களுக்குக் கட்டணம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். மூன்று மாத முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. தேர்வு வைப்பது

சர்டிபிகேட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. மூன்று சோதனை வையுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள்.

முதல் சோதனை அளவு. கேரளக் கரம் ரசீதில் பரப்பு ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்ற வரிசையில் இருக்கும். 00-10-12 என்று இருக்கும் ஒரு ரசீதைக் கொடுத்து எத்தனை சென்ட் என்று கேளுங்கள். 10 ஆர், 12 சதுர மீட்டர் என்றால் 1,012 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆக 25 சென்ட். ஆரையும் சென்ட்டையும் குழப்பிப் "பத்து சென்ட்" என்று விளம்பரம் போட்டால் ஓனர் உங்களைச் சும்மா விடமாட்டார். தமிழ்நாட்டுப் பட்டாவிலும் இதே கணக்குதான், ஹெக்டேர்-ஏர் என்று இருக்கும். 0-40.50 என்றால் ஓர் ஏக்கர். உடனே விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. சந்தேகம் வந்து திரும்பக் கேட்கிறாரா, தோன்றியதை எழுதிவிடுகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விளம்பரம். ஒரு தோப்பைப் பற்றி ஐந்து விவரம் மட்டும் கொடுங்கள்: 1 ஏக்கர் 20 சென்ட், காய்ப்பில் உள்ள தென்னை, ஒரு போர்வெல், பஞ்சாயத்து ரோடு, விலை நேரில். எழுதி வருவதில் நீங்கள் சொல்லாதது என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். "வற்றாத தண்ணீர்", "பேங்க் லோன் உண்டு", "அப்ரூவ்டு" என்று சொந்தமாகச் சேர்ப்பவர் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் போர்வெல் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலே பார்ட்டி மார்ச் மாதத்தில் வந்து கேட்பார்.

மூன்றாவது, போன். உங்கள் நண்பர் ஒருவரை வாங்குபவர்போலப் பேசச் சொல்லுங்கள். "சுத்தி வளைக்காதீங்க, கடைசி ரேட்டு சொல்லுங்க, நாளைக்கே அட்வான்ஸ் தர்றேன்" என்று நெருக்கட்டும். பாதிப் பேர் இந்த இடத்தில் தடுமாறி விலையைச் சொல்லிவிடுவார்கள். நான் வைத்த தேர்வில் ஒரு பெண் சொன்ன பதில்: "வாங்கண்ணா, வந்து தோப்பைப் பாருங்க. புடிச்சிருந்தா ஓனரையும் கூப்பிட்டு உட்கார வெச்சே பேசிக்கலாம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வர முடியுங்களா?" விலை சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை, விசிட்டுக்கு நேரமும் வாங்கிவிட்டார். வேலை அவருக்குத்தான் போனது.

6. செலவுக் கணக்கு

எங்கள் வட்டாரத்தில் நேரடியாகப் பேசியவர்கள் கேட்டது, பகுதிநேர வேலைக்கு மாதம் 8,000 முதல் 12,000 ரூபாய் வரை. முழுநேரம் என்றால் 15,000-க்கு மேல். மும்மொழியும் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமில்லை.

ஏஜென்சி பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும். 15,000 என்று பேசினால் கையைவிட்டுப் போவது 17,700. உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் அந்த 2,700 திரும்பி வராது. இதோடு சிம் ரீசார்ஜ், ஒரு பழைய ஸ்மார்ட்போன், சொத்து விளம்பரத் தளங்களின் கட்டணம். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்றவற்றில் கட்டணத் திட்டம் எடுப்பதை ஆள் பழகும்வரை தள்ளிப்போடுங்கள். விளம்பரம் பார்த்து விசாரிப்பவர்களிடம் (லீடு என்பார்கள்) பேச ஆள் இல்லாமல் பணம் கட்டுவது வீண்.

கமிஷனில் பங்கு தருகிறேன் என்று சொல்லி ஆள் எடுக்காதீர்கள். கிரயம் முடிய ஆறு மாதம் ஆகலாம், அதுவரை அவர் எதை நம்பி வேலை செய்வார்? பங்கு என்று வந்துவிட்டால் விலை பேசுவதிலும் தலையிடுவார். மாதச் சம்பளம், பார்ட்டி உண்மையாக வந்து பார்த்த ஒவ்வொரு சைட் விசிட்டுக்கும் 200 ரூபாய். இந்த முறை எனக்கு ஒத்துவந்தது. சம்பளம் கொடுக்கும்போது வரிப் பிடித்தம் உண்டா என்று ஆடிட்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

7. வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் அட்டை நகல், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களின் போன் நம்பர். அந்த இரண்டு நம்பருக்கும் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். வேலை, நேரம், சம்பளத் தேதி, விலகும் முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும், சிம்மும் கணக்குகளும் யாருக்குச் சொந்தம், பார்ட்டிகளின் விவரத்தை வெளியே கொடுக்கக் கூடாது. இதில் ஒரு பொறி உண்டு. "வேலையை விட்டபின் இரண்டு வருடம் ரியல் எஸ்டேட் தொழிலே செய்யக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி அது செல்லாது. அந்த வரியை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். உங்கள் பட்டியலை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்ற ரகசியக் காப்பு வரி வேறு, அதை எழுதலாம், எழுதுங்கள்.

8. சாவி உங்களிடமே இருக்கட்டும்

இந்தத் தொழிலில் சொத்து என்பதே போன் நம்பர்தான். கொழிஞ்சாம்பாறை ரோட்டோரம் தட்டி போர்டில், ஆட்டோ பின்னால், ஐந்து வருடம் முன்பு கொடுத்த விசிட்டிங் கார்டில் இருப்பது அந்தப் பத்து இலக்கம். அசிஸ்டென்ட்டின் சொந்த நம்பரை விளம்பரத்தில் போட்டால், அவர் போகும் அன்று உங்கள் வியாபாரமும் கூடவே போய்விடும்.

உங்கள் பெயரில் புது சிம் வாங்குங்கள். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு அந்தப் போனை உங்களிடமே வையுங்கள். "லிங்க்டு டிவைசஸ்" மூலம் நாலு கருவி வரை இணைக்கலாம், அசிஸ்டென்ட் தன் கம்ப்யூட்டரில் அப்படித் திறந்து வேலை பார்க்கட்டும். நினைத்த நிமிடம் நீங்கள் துண்டித்துவிடலாம். மூலப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் இணைப்புகள் தானாக அறுந்துவிடும், அதனால் மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். சாதாரண அழைப்புகளை மட்டும் வேலை நேரத்தில் அவர் நம்பருக்குத் திருப்பிவிடலாம்.

ஃபேஸ்புக் பக்கத்துக்கும் கூகுள் பிசினஸ் கணக்குக்கும் பாஸ்வேர்டு தர வேண்டிய தேவையே இல்லை. அவர் கணக்குக்கு அனுமதி மட்டும் கொடுக்கலாம். சொத்துத் தளங்களில் கணக்கு உங்கள் நம்பரில் இருந்தால் ஓடிபி உங்களுக்கு வரும். ஒவ்வொரு முறையும் படித்துச் சொல்வது எரிச்சல்தான், சொல்லுங்கள். வங்கி, யுபிஐ சம்பந்தப்பட்ட ஓடிபியை மட்டும் யார் கேட்டாலும் தராதீர்கள்.

லீடுகளுக்கு ஒரு கூகுள் ஷீட் போடுங்கள்: தேதி, பெயர், நம்பர், எத்தனை சென்ட், பட்ஜெட், எந்த விளம்பரம் பார்த்தார், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும். இதை அசிஸ்டென்ட் எழுதுவார். விற்கும் ஓனர்களின் நம்பரை வேறொரு ஷீட்டில், நீங்கள் மட்டும் திறக்கும்படி வையுங்கள். அசிஸ்டென்ட்டுக்கு ஓனர் பெயர் தேவையில்லை, "தோப்பு 14" என்றால் போதும். வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு பக்க நம்பரும் ஒரே கையில் இருந்தால்தான் உங்களைத் தாண்டிப் போக வழி பிறக்கும். இடத்தின் லொக்கேஷனையும் விசிட் உறுதியான பிறகே அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பிவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரரை விசாரித்து நேரே ஓனரிடம் போய்விடுவார்கள்.

9. அசிஸ்டென்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தடைகள்

வாயால் சொன்னால் மறந்துவிடும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

விலைக்கு வாங்கிய நம்பர் பட்டியலை வைத்து யாரையும் கூப்பிடக் கூடாது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அனுமதிப்பதில்லை. புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம். ஊர் முழுக்கத் தெரிந்த உங்கள் நம்பர் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விளம்பரம் பார்த்துத் தானாகக் கூப்பிட்டவர்களைத் திரும்பக் கூப்பிடுவதோடு நிற்கட்டும்.

ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாத லேஅவுட்டை விளம்பரப்படுத்தக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேல் பிரித்து விற்கும் மனைத் திட்டத்துக்குப் பதிவு தேவை. அப்படிப்பட்ட மனைகளை விற்றுக் கொடுக்க உங்களுக்கும் ஏஜென்ட் பதிவு வேண்டும், அது மாநிலம் மாநிலமாகத் தனி. தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு கேரள லேஅவுட்டை விற்க முடியாது. எல்லைப்பக்கத்தில் பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் தோப்பு வாங்க வேண்டும் என்று கூப்பிட்டால் விசிட்டுக்கு நாள் குறிக்கக் கூடாது. அந்நியச் செலாவணி விதிப்படி என்ஆர்ஐ விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை இங்கே வசிக்கும் இந்தியருக்கு விற்கலாம். இதை முதல் அழைப்பிலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் இரண்டு பேர் நேரமும் மிஞ்சும்.

கேரளப் பக்கம் இடம் எதுவானாலும் விளம்பரத்துக்கு முன் வில்லேஜ் ஆபீஸ் பதிவில் அது என்ன வகை என்று உங்களிடம் கேட்க வேண்டும். "நிலம்" என்று இருந்தால் அது நெல்வயல், 2008 நெல்வயல் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்டிருக்கும் டேட்டா பேங்கில் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "வீடு கட்ட ஏற்ற மனை" என்று அவர் பாட்டுக்கு எழுதிவிட்டால் பின்னால் பெரிய வம்பு.

பதிவுச் செலவு கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: கேரளாவில் முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் 7, 2. பன்னிரண்டரை லட்சத்துக்குக் கிரயம் என்றால் அங்கே 1,25,000, இங்கே 1,12,500. அரசு நிர்ணயித்த மதிப்பு கிரயத் தொகையைவிட அதிகமாக இருந்தால் கணக்கு அதன்மேல் வரும், எழுத்துக் கூலி தனி.

10. முதல் மாதம்

முதல் வாரம் விளம்பரம் மட்டும். நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெளியே போக வேண்டும். இரண்டாவது வாரம் வாட்ஸ்அப் பதில்கள். அப்புறம்தான் போன். வில்லங்கச் சான்று, பட்டா எடுக்கும் வேலையைக் கடைசியில் கொடுங்கள். இரண்டு மாநிலத்துக்கும் தளங்கள் வேறு வேறு, சர்வே நம்பரில் உட்பிரிவு ஒன்று மாறினாலும் வேறு யாருடைய நிலமோ வந்து நிற்கும்.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்பச் சொல்லுங்கள்: இன்று எத்தனை பேர், யார் சீரியஸ், நாளைக்கு யாரைக் கூப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை ஷீட்டில் ஏதாவது இரண்டு பார்ட்டியை நீங்களே கூப்பிட்டு, "எங்க ஆபீஸ்ல இருந்து பேசினாங்களா, என்ன சொன்னாங்க?" என்று விசாரியுங்கள். மாதக் கடைசியில் விசிட் எண்ணிக்கையைப் பாருங்கள். விளம்பரம் நிறையப் போட்டும் விசிட் வரவில்லை என்றால் குறை போன் பேச்சில் இருக்கிறது. விசிட் வந்தும் பேச்சு நகரவில்லை என்றால் அசிஸ்டென்ட்டைத் திட்டாதீர்கள், ஓனர் சொல்லும் விலையைப் பாருங்கள்.

11. விலகும்போது

சண்டை இல்லாமல் விலகினாலும் அன்றைக்கே லிங்க்டு டிவைசைத் துண்டியுங்கள், அழைப்புத் திருப்பலை எடுங்கள், ஷீட், ஃபேஸ்புக், கூகுள் அனுமதிகளை நீக்குங்கள், சொத்துத் தளங்களின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர் கம்ப்யூட்டரில் பார்ட்டிகள் அனுப்பிய ஆதாரம், ஆதார் நகல்கள் இருந்தால் வீடியோ காலில் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். மீதிச் சம்பளத்தையும் விசிட் காசையும் அன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள். நிலுவை வைத்தால் அவர் கையில் இருக்கும் தகவலுக்கு விலை கூடும். பிறகு உங்கள் பழைய விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நம்பரைப் பாருங்கள். எங்காவது ஒன்றில் அவருடைய சொந்த நம்பர் இருந்தால் அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.